சாட்சித் துண்டு

சோஹாரில் ஆகஸ்ட்.
காலை ஆறரைக்கே கார் கைப்பிடி சுடுகிறது.
உள்ளே நான் மெழுகுக் கட்டிகளைப் பனிக்கட்டிமேல் அடுக்குகிறேன்.
நான்கு மைக்ரான்.
வெந்நீர்த் தொட்டியில் விழுந்ததும் சுருக்கம் நீங்கி விரியும்,
பாலாடையைவிட மெல்லிய ஏடு,
ஒருவரின் கழுத்துக் கட்டியிலிருந்து.

படிவத்தில்: ஹபீபுல்லா, ஐம்பத்தெட்டு,
குடிதண்ணீர் லாரி ஓட்டுநர்.
எந்த நாட்டவர் என்ற கட்டத்தில்
யாரோ இரண்டு முறை அழுத்தி எழுதியிருக்கிறார்கள்.
கட்டி எந்த இனம் என்பதுதான்
எனக்கு வந்த கேள்வி.

லிம்போசைட்டுகள் எல்லாம் ஒரே முகம்.
வெள்ளிக்கிழமை மாலை
மீன் சந்தைக்கு வெளியே நிற்கும் கூட்டம்;
யார் எந்த ஊர் என்று மேலிருந்து சொல்ல முடியாது.
பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.
ஆன்டிபாடி அப்படியொரு கூப்பாடு.
தன் பேர் கேட்டவன் மட்டும் திரும்புவான்.
திரும்பிய இடத்தில் பழுப்பு ஏறும்,
கரக் சாயா குடித்த காகிதக் கோப்பையின் அடி நிறம்.

சிடி 20: மொத்தமும் திரும்பியது. பி செல்கள்.
சிடி 3: ஓரத்தில் சிலர், வழிப்போக்கர்கள்.
சிடி 5 டி செல்களின் பேர்,
ஆனாலும் கூட்டம் முழுக்க
மெல்லத் தலையைத் திருப்பியது.
சிடி 23: அசைவில்லை.
சைக்ளின் டி1:
நீலம். நீலம். நீலம்.

"நெகடிவ் என்று எழுதிவிடலாமா?"
டாக்டர் புதைனா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"டான்சில் என்ன சொல்கிறது?"

ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும்
ஒரு துண்டு டான்சில் ஒட்டுவேன்.
ஏழு வருடம் முன்னால்
தொண்டை வலியோடு வந்த ஒரு பையனுடையது.
இப்போது மீசை அரும்பி எங்காவது பந்து உதைத்துக்கொண்டிருப்பான்,
இத்தனை பேருக்குச் சாட்சி சொன்னதை அறியாமல்.
அவன் மேல்தோலின் அடிவரிசையில் சில உட்கருக்கள்
சைக்ளினுக்குத் தவறாமல் பதில் சொல்லும்.

இன்று அங்கேயும் நீலம்.

அப்படியென்றால் இது செல்லின் மௌனம் இல்லை.
கூப்பிட்டவனுக்கே தொண்டை கட்டியிருக்கிறது.
குப்பி வந்த பெட்டி
விமான நிலையத்தில் ஒரு முத்திரைக்காக
இரண்டு நாள் வெயிலில் கிடந்தது.
ஐஸ் பை வெறும் தண்ணீராய்த் தொங்கியதைத்
தொட்டுப் பார்த்துவிட்டும்
கையெழுத்திட்டு வாங்கியது நான்.

பிழைப் பதிவேட்டில் அதை எழுதினேன், என் பேரோடு.
நிஸ்வாவிலிருந்து ஒரு குப்பி கடன் வாங்கி
வியாழன் இரவு மறுபடி சாயமேற்றினேன்.

முதலில் பையன் பக்கம்.
அடிவரிசையில் பழுப்புப் பொட்டுகள். குரல் வந்துவிட்டது.
பிறகுதான் கண்ணாடியை நகர்த்தினேன்.
ஹபீபுல்லாவின் உட்கருக்கள்,
திரும்பிய திசையெல்லாம்.

மேன்டில் செல் லிம்போமா.
நல்ல பேர் என்று சொல்ல மாட்டேன்.
வேறு பேர்க்காரனின் மருந்து
இவர் நரம்பில் ஏறாது, அவ்வளவுதான்.
ஞாயிறு கவுன்டருக்கு வருவார்.
அவரிடம் சொல்வது என் வேலையில்லை என்று
இரண்டாவது முறையாக எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பையனின் கட்டியைப் பெட்டியில் வைக்கும்போது
விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்.
அவனுடையதில் இதுதான் கடைசிக் கட்டி.
மெழுகு வழியாக என் விரல் தெரிகிறது.
இன்னும் நாற்பது ஏடு வரலாம்.