வெங்காய அறை

ரொறன்ரோவிலிருந்து மச்சாள் படம் அனுப்பியிருக்கிறா:
சாம்பல் நிறச் சுவர், வெள்ளைத் தொட்டில்,
மூலையில் ஆளுயர ஒட்டகச்சிவிங்கி.
"இப்பிடி ஒண்டு செய்யுங்கோவன், பெரிய செலவில்லை."
அந்த ஒட்டகச்சிவிங்கி நிமிர்ந்து நிற்க
எங்கடை கூரையில் நாலு ஓடு கழற்ற வேணும்.

எங்களிடம் இருக்கிறது, ஏழாலையில்,
பத்தடிக்கு எட்டடி ஒரு வெங்காய அறை.
ஒரு யன்னல், அதுக்கும் கதவு ஒரு பக்கம்தான்.
வளையில் வரிசையாய்க் கம்பிக் கொழுக்கி,
ஒவ்வொரு கொழுக்கியிலும்
ஏதோ ஒரு போகத்தின் அறுந்த கயிறு.

சுகிர்தன் கொப்பி எடுத்தார்.
பெயின்ற் எண்டு எழுதினார், விலை கேட்டு வந்து வெட்டினார்.
தொட்டில் எண்டு எழுதினார், வெட்டினார்.
"பிறக்க முன்னம் ஒண்டும் வேண்டக் கூடாது" எண்டு
மாமி ரெலிபோனில் சொன்ன அண்டைக்குப் போல
இந்த வீட்டில் ஒரு சாத்திரத்தை
இவ்வளவு மனமாய் ஆரும் ஏற்றதில்லை.

வேண்டத்தானே கூடாது. செய்யலாம்.

சுண்ணாம்பு ஒரு பை. அதுக்குள்
வெள்ளைச் சட்டைக்குப் போடுற நீலம் ஏழு சொட்டு.
கடைசி வாளியில் கை தவறி எட்டாவதும் விழுந்தது.
அதனால்தான் மேற்குச் சுவர் மட்டும்
மற்றதுகளை விட
அரைமணி நேரம் பிந்தின வானம்.

கீழே செம்மண்.
தோட்டத்தில் அள்ளி, பழைய பாவாடையில் அரித்து,
பசை காய்ச்சிக் கலந்து
ஏழு மாத வயிற்றோடு கதிரையில் இருந்தபடி
நானே பூசினேன்.
என் கை எட்டின உயரம்தான் அதன் உயரம்.
ஒரு இடத்தில் கோடு நெளிஞ்சிருக்கும்,
பிள்ளை உதைச்ச இடம்.

கலியாண அழைப்பிதழ் நூற்றிப் பத்து மிச்சம்.
கணக்குப் பிழைச்சு அடிச்ச, காசு கட்டி முடிஞ்ச, தடிச்ச மட்டை.
இரவிரவாய்க் குருவி வெட்டினோம்.
ஒரு செட்டையில் 'அன்பு', மற்றதில் 'டையீர்'.
ஒண்டின் வயிற்றில் சுகிர்தனின் அரைப்பெயர்.
இன்னொண்டு முழுக்க
மண்டபத்துக்கு வரும் வழி.

நுளம்பு வலை மட்டும் கடையில்.
அதில் கணக்குப் பார்க்கேல்லை.

எல்லாம் சரி. விதை வெங்காயம்?
நாற்பது பிடி.
சுன்னாகத்தில் அந்தக் கிழமை நல்ல விலை.
வித்தால் தொட்டில் வரும்,
ஒட்டகச்சிவிங்கியின் ஒரு காலும் வரும்.
கொப்பியைத் திறந்தபடி இருந்தோம்.
மழை விட்ட பிறகு எதை நடுகிறது எண்டு
ஒருத்தரும் கேக்கேல்லை,
இரண்டு பேருக்கும் கேட்டது.
வெளியில் தூக்கினால் எலி. குசினியில் ஈரம்.
கடைசியில் மூலைக் கொழுக்கிகளை
அதுக்கே விட்டோம்.

குடும்பநல மாது றெஜினா வந்து
மூக்கைச் சுருக்கினா, யன்னலடியில் நிண்டு பார்த்தா.
"மணம் கிடக்கு. ஆனால் காத்து வருது, காணும்"
எண்டு சொல்லி எழுதிக்கொண்டு போனா.

இப்ப பிள்ளைக்கு ஐம்பத்தொன்பது நாள்.
என் பருத்திச் சேலை ஏணைக்குள் மல்லாக்கக் கிடக்கிறாள்.
தலைக்கு மேல் குருவிகள் சுத்துது, பார்க்கிறாள் இல்லை.
நீலமும் இல்லை, செம்மண்ணும் இல்லை.
கண்ணை வெட்டாமல் அந்த மூலையையே பார்க்கிறாள்,
வெயில் பட்டால் ஊதாவாய் மினுங்குகிற சருகையே.

மச்சாளும் வீடியோவில் அதைத்தான் கேட்டா:
"என்னடி அது, தொங்கிறது வடிவாய்க் கிடக்கு?
எங்கை வேண்டினது?"
வேண்டேல்லை மச்சாள் எண்டேன்.
விக்கேல்லை.

மழை விட்டதும் எல்லாத்தையும் இறக்கி நடவேணும்.
பிள்ளை தேடுவாள் எண்டு
சுகிர்தன் இப்பவே ஒரு பிடியை
கதவுக்குப் பின்னால் ஒளிச்சு வைச்சிருக்கிறார்.
நான் எண்ணி வைச்சிருக்கிறன் எண்டு
அவருக்குத் தெரியாது.