கொலராடோ, எண்பத்து நான்காம் மாவட்டம்

அமெரிக்கத் தூதரகத்தில் கையில் தந்த தாளை
பத்மசீலன் நான்காக மடித்து
பிரிட்ஜின் மேல் வைத்தார்.
யூன் முழுவதும் அது அங்கேயே கிடந்தது,
பீட்சாக் கடை விளம்பரத்துக்குக் கீழே.

பிறகு ஒரு இரவு மகள் கண்டுபிடித்தாள்:
பிரான்சுக்குள்ளேயே ஒரு கொலராடோ இருக்கிறதாம்.
விசா வேண்டாம்.
கார் நிறுத்த மட்டும் காசு.

எழுநூற்றைம்பது கிலோமீற்றர்.
வாடகைப் பெஜோ. ஓட்டுவது நான்.
லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம்,
மூன்றாம் தடவையில் பாஸ்.
லியோன் சுரங்கத்துக்குள் அவர்
தலைக்கு மேல் கைப்பிடியைப் பிடித்தபடி
ஒன்றும் பேசவில்லை.
பேசியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.
பின் சீட்டில் வினோஜன்
"உண்மையான கொலராடோ இல்லைத்தானே" என்று
வலான்ஸ் வரை ஏழு தடவை.

ருஸ்திரேலில் பைன் மரங்கள் முடிந்த இடத்தில்
தரை தோலுரிந்து கிடந்தது.
மஞ்சள், அதற்குள் ஆரஞ்சு,
அதற்குள் இறைச்சிக் கடையின் சிவப்பு.
மணல் தூண்கள், தலையில் கறுத்த கல்லோடு,
கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல
ஒன்றையொன்று பாராமல்.

"இது பாலைவனமா, அம்மா?"

பாலை என்றால் எனக்கு முதலில்
உதட்டில் பிசினாய் ஒட்டும் பழம்.
பிறகுதான் சோதனைக்குப் பாடமாக்கியது:
பாலைக்கென்று சொந்த நிலம் இல்லை,
காடும் மலையும் வெயிலில் கெட்டால் பாலை.
இங்கே கெடுத்தது வெயிலும் இல்லை.
மனிதர்கள் வெட்டினார்கள் என்றது பலகை.
தண்ணீர் பாய்ச்சி மணலைக் கழுவினார்கள்,
சாயத்தை எடுத்து விற்றார்கள்,
போய்விட்டார்கள்.
நாங்கள் பார்க்க வந்தது மிச்சத்தை.

சாயம் என்ற சொல்லில் அவர் நின்றார்.
பத்தொன்பது வருடம் பாரிஸில்
பிறத்தியார் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர்.
விரலை நக்கி, தூணின் அடியில் தொட்டு,
மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தார்.
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நுய்யி. ரெண்டாம் மாடி, பல் டொக்டர் வீடு.
மூண்டு கோட் அடிச்சனான்.
மனிசிக்குப் பிடிக்கேல்லை,
திரும்ப வெள்ளை அடிப்பிச்சவ."
அடுத்த தூண்.
"இது வன்சென்."
அடுத்தது.
"இது ஒரு குசினி. இடம் மறந்துபோச்சு.
காசு தராத ஆள்."

பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள்.
இது, அப்பா? இது?
சிலதுக்கு டின் இலக்கம் சொன்னார்.
ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்று
"இது டின்னில வாறேல்லை" என்றார்,
கடைக்காரன் ஒளித்து வைத்ததைப் போல
கொஞ்சம் கோபமாக.

மண் எடுக்கக்கூடாது என்று இன்னொரு பலகை.
மணிக்கட்டில் இருப்பது
எடுத்ததா ஒட்டியதா என்று யோசித்தேன்.
அவருக்குச் சொல்லவில்லை.

யதுர்ஷா ரொறன்ரோவுக்கு ஒரு படம் அனுப்பினாள்,
"கொலராடோ" என்ற ஒரே சொல்லோடு.
மச்சாளிடமிருந்து உடனே: விசா எப்ப வந்தது?
இவள் ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டு
"பொய்யா அம்மா?" என்றாள்.
கார் நிறுத்தின சீட்டைக் காட்டினேன்.
அதிலும் அப்படித்தான் அடித்திருந்தது.

திரும்பும் வழியில், மொந்தெலிமார்,
பெற்றோல் நிலையம்.
கார்க் கம்பளத்தில் எட்டுப் பாதங்களின் செம்மண்,
முந்நூறு யூரோ முற்பணம்.
நான் ஈரத்துணியை எடுத்தேன்.
"தண்ணி போடாதை!"
இரண்டு நாளில் அவர் உயர்த்திய ஒரே குரல்.
"நனைஞ்சால் ஊறிப் பிடிச்சிடும்.
காய்ஞ்சபடி விடு, உதிரும்."

பையிலிருந்து தூரிகையை எடுத்தார்
(விடுமுறைக்கும் கொண்டுவந்திருக்கிறார், மனிதர்),
குந்தியிருந்து, மயிரின் போக்கிலே,
ஒரு சுவரின் விளிம்பை இழுக்கிற மாதிரி
வாரினார்.
வாக்குவம் பாதியில் நின்றது.
வினோஜன் தன் காசில் இரண்டு யூரோ போட்டான்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

என் பக்கத்து மிதியடியை மட்டும் அவர் தொடவில்லை.
மறந்தாரோ, தெரியாது.
கிளச்சை மிதித்தேன், கறகறத்தது.
பாரிஸ் வரைக்கும்,
ஒவ்வொரு கியருக்கும்.