ரப்பர் மடல்

ஐந்தேகால் மணி. ப்ரூக்ஸ். மைனஸ் முப்பத்தொன்று.
இறைச்சி ஆலைக்கு நாலு பேரை ஏற்றிப் போகும் கார் என்னுடையது.
பதின்மூன்று வயதுக் கிழட்டு டொயோட்டா,
பெட்ரோலுக்கு ஆளுக்கு நாலு டாலர்.

முன்சீட்டில் ஆர்லின், மடியில் சோற்று டப்பா.
பின்னால் யோஹான்னஸ். அவன் பக்கத்தில்
தூங்கியபடியே ஏறித் தூங்கியபடியே இறங்கும் தேவசகாயம்.
நாலு பேர் மூச்சும் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்கிறது.
தெருவிளக்கெல்லாம்
உடைத்து ஊற்றிய முட்டையாய்ப் பரவி வருகிறது.

முதல் வாரம், குளிருக்குப் பயந்து
உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அமுக்கி வைத்திருந்தேன்.
"நேற்று நீ தின்ற பூண்டை இன்று நான் மூச்சு விடுகிறேன்"
என்றாள் ஆர்லின்.
பொத்தானை விடுவித்தேன். வெண்புகை விலகவில்லை.
ஏசி போட்டால் ஈரத்தைப் பிழிந்து எடுக்குமாம்.
இந்தக் குளிரில் அது எழும்பவே மறுக்கிறது,
தேவசகாயத்தைப் போல.

காற்று வரும் வழியை இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடினேன்.
வைப்பருக்கு அடியில் ஒரு சல்லடை வாய்,
தினமும் பனியைத் தோண்டி அதைத் திறந்துவிடுவேன்.
உள்ளே நுழைந்தால் டாஷ்போர்டு அறைக்குப் பின்னால்
மடிப்பு மடிப்பாய்த் தாள் வடிகட்டி
(பழையதில் பாப்லர் இலைகள், செத்த குளவி ஒன்று,
புதியது பதினெட்டு டாலர்).
அப்புறம் விசிறியின் உதை.
அப்புறம் என்ஜினின் வெந்நீர் ஓடும் குழாய்க்கூட்டில் ஒரு குளியல்.
அப்புறம் சின்னச் சின்னக் கதவுகள் கை காட்டும் பக்கம்:
காலுக்கு, முகத்துக்கு, கண்ணாடிக்கு.

எல்லாம் சரி. விசிறி நாலாம் எண்ணில் அலறுகிறது.
கையை வைத்துப் பார்த்தால்
சுடுசோற்றை ஊதும் அளவுக்குத்தான் காற்று.
கார்க் கதவும் அப்படியே,
இரண்டாம் தடவை அறைந்தால்தான் சாத்தும்,
சாத்தும்போது காது அடைக்கும்.

ஹைவேயில் ஏறும் முன் யோஹான்னஸ் கேட்டான்,
"உள்ளே வந்தது எந்த வழியாய் வெளியே போகிறது?"
அதை நான் யோசிக்கவே இல்லை.

இறங்கி டிக்கியைத் திறந்தான்.
ஜூலையில் சுகந்தன் விட்டுப்போன மூட்டைகள்.
மூன்று கோட்டு. ஒரு கிரிக்கெட் பேட். பிரிக்காத இடியப்ப உரல்.
ஓரத்து இடுக்கில் உருட்டித் திணித்த பெரிய குளிர்ப்போர்வை.
தானப் பெட்டியில் போட என்று ஏற்றினேன்.
ஏற்றியதோடு சரி.

போர்வையை உருவியதும் பக்கச் சுவரில் கீற்றுக் கீற்றாய்ப் பிளவுகள்.
அதற்கும் அப்பால், பம்பருக்குள் ஒளிந்து,
விரல் அகல ரப்பர் மடல்கள்.
உள்ளே காற்று நிறைந்தால் திறக்கும்,
வெளிக்காற்று தள்ளினால் மூடிக்கொள்ளும்.
மடல் என்றால் எங்கள் மொழியில் கடிதமும்தான் என்றேன்.
"இதில் என்ன எழுதியிருக்கு?"
ஒன்றுமில்லை. தூசிதான்.
ஆறு மாதமாய்
போக வழியில்லாத காற்று
வரும் காற்றை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

மூட்டைகளை மடிகளில் பகிர்ந்துகொண்டோம்.
பேட் ஆர்லினுக்கு. உரல் யோஹான்னஸுக்கு.
தேவசகாயம் கண் திறக்காமலே
போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.
கண்ணாடியின் அடியில் ஒரு கையகலம் தெளிந்தது.
ஆலை வாசலில் வரிசையாய் நிற்கும் லாரிகள்,
கம்பி இடுக்குகள் வழியே மாடுகளின் மூச்சு,
எல்லாம் தெரிந்தது.

சாயங்காலம் அவர்களை இறக்கிவிட்டு எங்கெங்கோ ஓட்டினேன்.
மூட்டைகள் என்ன ஆயின என்று மறுநாள் ஆர்லின் கேட்டாள்.
நான் ஏறி உட்கார்ந்து
கதவை இரண்டு விரலால் இழுத்தேன்.
முதல் தடவையிலேயே சாத்திக்கொண்டது.