குதியிலிருந்து நுனிக்கு

செவ்வாய் இரவு பத்து நாற்பதுக்குத்தான்
எங்களுக்கு ஐஸ் கிடைக்கும்.
அதற்கு முந்தைய நேரமெல்லாம்
பிள்ளைகளுக்கும் காசுள்ளவர்களுக்கும்.
தண்டர் பேயில் ஜனவரி.
காரிலேயே விட்டுவைத்த டேப்
கல்லாய் இறுகி, ஒட்ட மறுக்கும்.
அதனால் அக்குளில் இடுக்கிக்கொண்டு வருகிறேன்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

உடைமாற்றும் அறையில் முதலில் கேட்பது
பேச்சல்ல,
கிர்ர்ரென்று டேப் உரியும் சத்தம்.
ஒன்பது பெண்கள், ஆளுக்கொரு கிறுக்கு.

ஐலா கோல் காப்பவள்.
மட்டைத் தலையில் அவள் கட்டும் குமிழ்
பெரிய எலுமிச்சம்பழம் அளவு.
டேப்பை முறுக்கிக் கயிறாக்கிப்
பிடி நெடுகச் சுருளவிட்டு, அதன்மேல் இன்னொரு சுற்று.
"கை கழன்றாலும் மட்டை கழலாது."
பெர்னடீனுக்கு வெள்ளைதான் வேண்டும்.
பக் பட்ட இடமெல்லாம் கறுப்பாய்த் தெரியும்,
ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து எண்ணுவாள்.
டார்லீன் கறுப்பு. கறுப்பில் கறுப்பு மறையுமாம்,
எதிரணி கோல்கீப்பருக்குக் கண் கட்டிப்போகுமாம்.
நாங்கள் ஆடுகிற வேகத்துக்கு
அவள் தூங்கி எழுந்துகூடப் பார்க்கலாம்.

நான் குதியிலிருந்து நுனிக்கு.
பதினோரு சுற்று, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி,
ஓடு வேய்ந்த மாதிரி.
காற்றுக் குமிழி வந்தால் பிரித்து மறுபடியும்.
மேலே மெழுகு, பனி ஒட்டாமலிருக்க.
பகலெல்லாம் துறைமுகக் களஞ்சியத்தில்
கோதுமை வேகன்களுக்கு எடை போடுகிறவள்;
அரைச் சுற்று பிசகினாலும் தூக்கம் வராது எனக்கு.

ரொசெல்லா மட்டும்
நுனியில் மூன்றே சுற்று. மிச்சம் அம்மணம்.
பல்லால் கடித்து அறுத்து,
ஓரத்தைத் தொடையில் தேய்த்து, முடிந்தது வேலை.
ஒரு சுருளை இரண்டு சீசன் ஓட்டுகிறாள்.
நான்கு வருஷமாய்க் கேட்டுவருகிறேன்:
"இது டேப்பா, காயத்துக்குக் கட்டா?"
சிரிக்கவும் மாட்டாள், மாற்றவும் மாட்டாள்.

போன வாரம் மூன்றுக்கு மூன்று.
ஒன்றே முக்கால் நிமிஷம் மிச்சம்.
என் மட்டை நடுவில் முறிந்து,
பதினோரு சுற்றும் மெழுகுமாய் அதன் அலகு
தனியே சறுக்கிக்கொண்டு போனது,
கோபித்துக்கொண்டு புறப்பட்டவள் மாதிரி
திரும்பியும் பாராமல்.
பெஞ்சுப் பக்கம் கை நீட்டினேன்.
கையில் வந்தது ரொசெல்லாவுடையது.

பக் வந்தது.
பெர்னடீனுக்குத்தான் தள்ளினேன், சத்தியமாய்.
வெறும் குதியில் பட்டு வழுக்கி,
நான் நினைக்காத கோணத்தில் திரும்பி,
கோல்கீப்பரின் இரண்டு காலுக்கும் நடுவே
கேட்காமலே உள்ளே போய்விட்டது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
கோணலால் ஜெயித்தவள் என்ன சொல்வாள்?

கணக்குத் தாளில் என் எண், பதினேழு.
"மட்டை எட்டாம் நம்பருடையது" என்றாள் ரொசெல்லா,
ஸ்கேட் கயிற்றை அவிழ்த்தபடி, யாரையும் பார்க்காமல்.
"கை என்னுடையது."
"கை பெர்னடீனுக்குத்தானே அனுப்பியது?"
பெர்னடீன் தன் வெள்ளை டேப்பைப் புரட்டிப் பார்த்து
"எனக்கு வந்து சேரவில்லை" என்றாள்,
தபால் வராத குரலில்.

இந்தச் செவ்வாய் புது மட்டை எனக்கு.
ரொசெல்லாவின் பிடித்தலையில்
புதிதாய் ஒரு வெள்ளைச் சுற்று, அதன்மேல் மார்க்கரில்:
கடன், ஒரு கோல்.
வட்டியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

பார்க்காத மாதிரி
குதியில் ஆரம்பித்தேன்.
ஏழாவது சுற்றில் என் டேப் தீர்ந்துபோனது.
அட்டை வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு
யாரிடம் கேட்கலாமென்று பார்ப்பதற்குள்
தரையில் உருண்டு வந்து என் ஸ்கேட்டில் முட்டியது
இரண்டு சீசனாய்த் தேயாத அந்தச் சுருள்.

"நாலு சுற்றுதான்" என்றாள்.
"எண்ணிக்கொண்டிருக்கிறேன்."