குளிரறை மூன்று

ஸ்ரான்லி வீதி விடுதி மண்டபத்தில்
பிளாஸ்ரிக் மூளையொன்றை
இரண்டாகக் கழற்றிக் காட்டினார் பயிற்சியாளர்.
உள்ளே காந்தம். டக்கென்று ஒட்டிக்கொள்ளும்.
"பயம் கிளம்பும் இடம் இது, அமிக்டலா,
ஒரு வாதுமைப் பருப்பளவு" என்றார்.
எனக்கு வாதுமை நினைவுக்கு வரவில்லை.
பன்னிரண்டு வருடம் இறால் தரம் பிரிக்கிறவள்,
'ஓடு கழற்றிய கூனி இறால்' என்று
கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

அது துள்ளினால்
நெற்றிக்குப் பின்னால் யோசிக்கிற பகுதி
கடையைச் சாத்திவிடுமாம்.
அந்த நேரம் படிப்பிப்பது எதுவும் படியாதாம்,
படிப்பிக்கிறவரின் குரலைத் தவிர.

தேநீர் இடைவேளையில் என் றோல்ஸ் ஆறிப்போனது.

போன ஆவணி, குருநகர் ஆலை,
இரவு இரண்டு மணி.
குளிரறை மூன்றின் முள் ஏறியதை
கஜீபன் கண்டிருக்கிறான்.
கண்டு,
என் இலக்கத்தை எடுத்து,
அழுத்தாமல் வைத்திருக்கிறான்.
விடியும்போது நானூறு கிலோ நண்டு
நாறத் தொடங்கியிருந்தது.
"உனக்கென்ன வாயில்லையோ?" என்று
முழு வரிசைக்கும் கேட்கக் கத்தினேன்.
வாய் இருந்தது.
முந்தின மாதம் வாய் திறந்த றொசிற்றாவை
நான் என்ன பாடு படுத்தினேன் என்பதும்
அவனுக்கு நினைவிருந்தது.

ஆலை கற்கவில்லை என்று யார் சொன்னது?
முழு ஆலையும் கற்றிருக்கிறது,
நான் படிப்பித்ததை.

அதற்கும் முன்னர்
இந்த ஊர் படிப்பித்தது ஒன்றுண்டு:
கேட்காததற்குப் பதில் சொல்லாதே,
கண்டதைக் கண்டதென்று சொல்லாதே.
அதில் தேறியவர்கள்தான்
இன்று பஸ் ஏறி வேலைக்கு வருகிறோம்.
கொழும்பிலிருந்து வந்தவரின் திரையில்
இதற்கொரு படம் இருக்கவில்லை.
கேட்கலாமென்று கையைத் தூக்கி
தலைமயிரைச் சரிசெய்துகொண்டேன்.

திங்கட்கிழமை, வெள்ளைப் பலகையில்
'ஆர் செய்தது?' என்ற நிரலை அழித்து
'என்ன நடந்தது?' என்று எழுதினேன்.
ஒரு கிழமை ஒருவரும் பேனையைத் தொடவில்லை.
அடுத்த கிழமை யாரோ எழுதினார்கள்: 'ஒண்டுமில்லை.'
பிறகு நானே எழுதினேன்:
'ஐஸ் ஐந்து பெட்டி குறைவு.
எண்ணாமல் ஒப்பம் வைத்தது நான். யஸ்ரினா.'
அதைப் பார்க்கக்
கையுறையோடு ஒவ்வொருவராக வந்து,
செத்தவீட்டில் நிற்பதுபோல நின்று,
பேசாமல் போனார்கள்.

பதினேழாம் நாள், சாய்ந்த எழுத்தில்:
'மூண்டாம் குளிரறை. கதவு றப்பர் கிழிஞ்சிருக்கு.
நேற்றே கண்டனான்.'

நேற்றே.

என் கூனி இறால் துள்ளியது.
பழைய குரல் தொண்டையால் ஏறி வந்து
நாக்கில் ஒரு காலை வைத்தது.
உள்ளே குளிரறையின் மோட்டார்
இருமிக்கொண்டிருந்தது.

நன்றி என்று சொல்ல
எனக்கு நாலு விநாடி எடுத்தது.
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற கஜீபன்
அந்த நாலையும் எண்ணியிருப்பான்.