கடதாசிக் கதவு

மரைன் டிரைவ், ஒன்பதாம் மாடி.
திருமதி தர்மினி குகதாசன்
சுவரை இடித்துவிட்டுக் கடதாசி கேட்டார்.
ஒசாகாவில் நாலு வருடம் இருந்தவர்.
சாமான் குறையக் குறைய வீடு பெருக்கும் என்றார்.
"வெறுமைக்கு நல்ல வெளிச்சம் படவேணும்."
வெறுமைக்கு அளவுநாடாவை
எங்கே வைத்துப் பிடிப்பது என்று
நான் கேட்கவில்லை.

அல்பீசியா வேண்டாம், உப்புக்காற்றுக்கு வளையும்
என்றார் நஜ்முதீன் பாஸ்.
இடித்த வீடொன்றின் தேக்கு வாங்கி
விரல் மொத்தத்தில் சட்டம் இழைத்தார்,
ஆணி இல்லாமல்.
கோபேயிலிருந்து சுருளாய் வந்த தாளை
பசை தடவி ஒட்டி
வாய் நிறையத் தண்ணீர் பிடித்து ஊதினார்.
காய்ந்ததும்
உடுக்குத்தோல் போல இறுகியது.

நாலரைக்கு அளுத்கம ரயில்.
கீழே அது கடக்க
கட்டம் கட்டமாய்க் கதவு நடுங்கியது.
"இது சுவரில்ல மிஸ்," என்றார் பாஸ்,
"காது."

பின்னேர வெளிச்சம்
தாளில் மோர் போலத் தங்கியிருக்க
மறுபக்கம் ஒரு பல்லி நடந்தது.
நிழல் மட்டும் இந்தப் பக்கம்.
ஒற்றைப் பூவுக்கென்று அவர் கேட்ட மாடம்
வெறுமனே கிடந்தது.
பல்லியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று கிழமையில் தொலைபேசி.
"தாளை ரெண்டு மடிப்பாய்ப் போடலாமோ?
அவர் புரண்டு படுக்கிறது கேக்குது.
நான் அழுகிறது அவருக்கும் கேக்குமெல்லே?"

கொட்டாஞ்சேனையில் எங்கள் அறையை
ஒரு நைலெக்ஸ் சேலை பிரிக்கிறது.
அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும்.
சீட்டுக் கடன், சண்டை, அடக்கிய சிரிப்பு,
வளையல் கழற்றி டின்னில் போடும் சத்தம்.
எல்லாம் கேட்கும்,
ஒன்றையும் நான் கேட்டதில்லை.
என் நள்ளிரவுப் பேச்சுகள் பற்றி
காலைத் தேத்தண்ணியோடு அண்ணி
ஒரு சொல்லும் ஊற்றியதில்லை.
ஏழு வருடமாய் நெய்தது அது.
சேலையைச் சொல்லவில்லை.

"போடலாம் மேடம்.
ஆனால் வெளிச்சம் போயிடும்."

மறுமுனையில் நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ரயில். பிறகு
தாள் நடுங்குவது என் காதுக்குள்.
"ஒரு ஓட்டை விழுந்திருக்கு," என்றார்,
"விரல் அளவு.
எந்தப் பக்கத்திலிருந்து எண்டு
கேக்காதேங்கோ."

கேட்கவில்லை.