நான்கு விரல் குறை

கஜம் என்றால் துணிக்கடையில் ஓர் அளவு.
கோயில் வாசலில் யானை.
சிவாஜிநகர் இலியாஸ் பாய் பட்டறையில் மட்டும்
துப்பாக்கிக் குழலுக்கு அடியில் படுத்திருக்கும் கோல்.
வாய் வழியாக மருந்து தின்னும் பழைய ரகத்துக்கு
ஊட்டிவிடும் கை அதுதான்.

தேச்சம்மா அதைக் கம்பளியில் சுற்றி
ஆட்டோவில் கொண்டுவந்தார்.
விஜயநகரில் வீடு, வங்கியில் வேலை.
"கைல்போதுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு.
கோல் பாதியில நிக்குது. இது நாலாவது கோல்."
மற்ற மூன்றையும் ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருந்தார்,
பொருந்தாமல் திரும்பிவந்த ஜாதகங்கள் மாதிரி.

குழல் காலியா என்று பார்ப்பது முதல் வேலை.
கட்டிலிருந்து ஒன்றை உருவி வாய்க்குள் விட்டேன்.
போனது. போய்க்கொண்டே இருந்தது.
நுனியும் மறைந்தது.
காலிதான்.
ஆனால் பிடித்து இழுக்க எதுவும் மிஞ்சவில்லை.
கவிழ்த்தேன், உள்ளங்கையில் வந்து விழுந்தது.

கோலுக்கு வீடு, கட்டையில் குடைந்த ஒரு துளை.
துளை ஏற்காத நான்கு விரல் நீளத்தைத்
துருத்துகிறதென்று நறுக்கியிருக்கிறார்கள்.
மூன்று தடவை, மூன்று ஆசாரி.
அளவைத் துளையிடம் கேட்டார்கள்.
குழலிடம் ஒருவரும் கேட்கவில்லை.

புதுக் கோல் இரண்டாம் வளையத்திலேயே இறுகியது.
விளக்குக் கரி தடவி
நுழைத்தேன், எடுத்தேன்.
கரி அழிந்த இடம் எதுவோ அங்கேதான் உரசல்.
உடைந்த கண்ணாடிச் சில்லால் இழை இழையாக வழித்தேன்.
ஆகஸ்ட் மழையைக் குடித்த மரம்.
தேச்சம்மா ஸ்டூலில் உட்கார்ந்து
வயிற்றுவலி என்று வங்கிக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

வளையம் தாண்டியது.
பிறகு, அதே நான்கு விரல் பாக்கி இருக்கும்போது,
டொக்.
மரத்தில் மரம் இடித்தால் அந்தச் சத்தம் வராது.
இன்னொரு தரம் இடித்துக் கேட்டேன்.
சொத்தைப் பல்.

சைக்கிள் ஸ்போக் ஒன்றை முனை வளைத்து
உள்ளே விட்டுக் கிளறினேன்.
முதலில் தூள், அப்புறம் கட்டி.
குடகுச் செம்மண், எச்சிலில் குழைத்துக் கட்டிய அறைகள்.
ஒன்றில் காய்ந்த சிலந்திக் கால்கள்.
ஒன்றில் ஒற்றை இறகு,
டியூப்லைட் வெளிச்சத்தில் நீலமாய் ஒரு தரம் மினுங்கியது.
"கொளவி" என்றார் இலியாஸ் பாய்
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
"காலி வீடுன்னு நெனச்சிருக்கும்."

கோல் முழுக்க உள்ளே போனது.
மூவரும் சிரித்தோம்.
துப்பாக்கியைச் சற்றுச் சாய்த்தேன்,
சளக்கென்று வழுக்கிவந்து என் காலில் விழுந்தது.
வழித்தது கூடிப்போச்சு. என் தப்பு.

பழைய அளவு டேப்பில் ஓர் அங்குலம் வெட்டி
கடைசி வளையத்துக்குள் வில்லாக வளைத்துச் செருகினேன்.
ஏழு என்ற எண் இன்னும் அதில் இருக்கிறது,
யார் கண்ணும் படாத இடத்தில்.
மேலே கொஞ்சம் தேன்மெழுகு.
இப்போது இழுத்தால் வருகிறது.
இழுக்காவிட்டால் சும்மா கிடக்கிறது.

பில்லில் என்னவென்று எழுதுவது?
பாய் பேனா மூடியைக் கடித்து யோசித்தார்.
"மண் அள்ளிய கூலி. நானூறு."

இறகைப் பில்லுக்குள் மடித்துக்கொண்டு
தேச்சம்மா ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.
குட்டைக் கோல்களை இங்கேயே விட்டுவிட்டார்.

ஒன்று இப்போது பட்டறை ஜன்னலுக்கு முட்டு.
அதற்கும் நீளம் போதவில்லை.
அடியில் ஒரு தீப்பெட்டி வைத்திருக்கிறேன்.